சைக்கிள் பிரேமா, ஃபோர்க்கா: எதை முதலில் வாங்குவது?

கேள்வி, மே 11

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். இப்போது ஓடுவது 26 அங்குல இரும்புச் சைக்கிள். பட்டிருப்புப் பாலம் தாண்டி போரதீவு, வெல்லாவெளிப் பக்கம் அடிக்கடி போவேன், லீவு நாட்களில் இன்னும் உள்ளே. கையில் உள்ள காசுக்கு இரண்டில் ஒன்றுதான் வரும். ஒருவர் 29 அங்குல அலுமினியம் பிரேம் விற்கிறார். இன்னொருவரிடம் பாவித்த காற்று ஃபோர்க் (முன் சில்லைப் பிடிக்கும், காற்றில் அமுங்கி எழும் கவை) இருக்கிறது, 120 மி.மீ. அமுங்கும், ஸ்டீரர் (பிரேமுக்குள் போகும் மேல் குழாய்) டேப்பர், அதாவது கீழே பருத்தது. ஃபோர்க்கை வாங்கி இருக்கிற சைக்கிளில் பூட்டினால் அது மலைச் சைக்கிள் ஆகிவிடும், பிரேமை அப்புறம் பார்க்கலாம் என்பது என் எண்ணம். பிரேம் வெறும் குழாய்தானே?

பதில், மே 11, இரவு

வெறும் குழாய்தான். ஆனால் சில்லு எத்தனை அங்குலம், ஹப் (சில்லின் நடுக்குடம்) எவ்வளவு அகலம், எந்த பிறேக், எந்த ஃபோர்க், அது எவ்வளவு அமுங்கலாம் என்பதெல்லாம் அந்தக் குழாய் சொல்வதுதான்.

காசு கொடுக்க முன்னர் ஒரு வேர்னியர் அளவுகோல் எடுத்து உங்கள் சைக்கிளின் ஹெட் ரியூபை, அதாவது ஸ்டீரர் உள்ளே போகும் பிரேமின் முன் குழாயை, அளந்து பாருங்கள். பழைய 26 அங்குலச் சைக்கிளில் உள்விட்டம் 34 மி.மீ. சுற்றில்தான் இருக்கும். மேலிருந்து கீழ்வரை 28.6 மி.மீ. தடிப்பான நேர் ஸ்டீரருக்கான அளவு அது. டேப்பர் ஸ்டீரரும் மேலே அதே 28.6தான், ஆனால் கீழே போகப் போகப் பருத்து ஒன்றரை அங்குலம் ஆகும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ. 34க்குள் 38 எப்படிப் போகும்? பெரிய சுத்தியல் வைத்திருக்கும் கடைக்காரர் போகும் என்பார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மே 12

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் முன் சில்லு பெரும்பாலும் 9 மி.மீ. அக்சில், 100 மி.மீ. அகல ஹப். அந்த ஃபோர்க் அண்மைக் காலத்தது என்றால் 15 மி.மீ. அக்சில், 110 அகலம், அதாவது பூஸ்ட் ஆக இருக்க இடமுண்டு. அப்படியானால் சில்லும் புதிதாக வேண்டும். வி-பிறேக் பூட்டும் முளைகள் அதில் இருக்காது, ஆகவே டிஸ்க் பிறேக்கும் வேண்டும். ஒரு ஃபோர்க் வாங்கப் போனவர் சில்லு, பிறேக், ஹெட்செட் (ஸ்டீரரைத் தாங்கும் பெயரிங் கிண்ணங்கள்) எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். பிரேம் மட்டும் பழையதாகவே கிடக்கும்.

மே 12, கொஞ்சம் பிந்தி

நியாயத்துக்கு மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 29 பிரேம் வாங்கினாலும் உங்கள் 26 சில்லுகள் அதற்கு உதவாது. பூட்டலாம், உருளும். ஆனால் ரிம் மட்டுமே ஆரத்தில் 31.5 மி.மீ. குறைவு (ரிம் விட்டங்களான 622க்கும் 559க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி). அந்த அளவுக்குப் பெடல் நிலத்துக்குக் கிட்ட வந்துவிடும். வயல் வரம்பில் ஒரு தடவை பெடல் தட்டினால் போதும், நாற்று நடும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆகவே பிரேம் விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அதன் சில்லுகள் எங்கே என்பது. தனிப் பிரேமாக ஒரு சைக்கிள் பிறப்பது குறைவு. கழற்றிய சாமான் எங்கேயோ ஒரு சாக்கில் கட்டிக் கிடக்கும்.

மே 14

"மட்டக்களப்பில் மலையே இல்லை, மலைச் சைக்கிள் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குடும்பிமலை 534 மீற்றர். அதைச் சொன்னால் உடனே, அதற்குமேல் சைக்கிளிலா ஏறப்போகிறாய் என்பார். இல்லை. அதன் அடிவாரம் போகும் பாதைக்குத்தான் இந்தச் சைக்கிள் வேண்டும்.

எங்கள் நிலத்தை யோசித்துப் பாருங்கள். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே, ஏ4 வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிரவல் ரோட்டு, வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வரம்பு, குளக்கட்டு, மாடு போன தடம், உழவு மெசின் கிளறிவிட்டுப் போன சேறு காய்ந்து கல்லாகிப் போன பள்ளம். இதில் எதுவும் இரண்டடி உயரத்தில் இருந்து குதிக்கும் வேலை அல்ல. மணலில் சஸ்பென்ஷன் ஒன்றுக்கும் உதவாது. அங்கே ரயரின் அகலமும் காற்றும்தான் பேசும். 2.25 அங்குல ரயரில் காற்றை இருபத்துச் சொச்சம் பி.எஸ்.ஐ.க்கு இறக்கி ஓடிப் பாருங்கள். 50 அடித்து இறுக்கி வைத்தவர் பக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்.

அதனால் என் வரிசை இப்படி: பிரேம், ரயர், அப்புறம் ஃபோர்க்.

மே 15

இல்லை, பிறேக்கையும் இடையில் சேருங்கள்.

மே 19

மலிவு ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புதுச் சைக்கிள்களில் கடையிலேயே பூட்டி வருகிற வகை. பார்க்கப் பெரிதாக இருக்கும், மேலே ஒரு குமிழ் இருக்கும், கடைக்காரர் அதைத் திருப்பிக் காட்டி இறுகும், இளகும் என்பார். அந்தக் குமிழ் செய்வது பிரிலோட் மட்டும். ஸ்பிரிங்கை ஆரம்பத்தில் எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதுதான் மாறும், ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் ஒரே கம்பிதான். ஐம்பது கிலோவுக்கு அது அமுங்காது, தொண்ணூறு கிலோ ஏறினால் பிறேக் பிடித்ததும் மூக்குக் குத்தும்.

எடையும் பாருங்கள். அவை இரண்டரைக் கிலோ சுற்றில் வரும். அமுங்காத சாதாரண ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது மேற்கே வவுணதீவுப் பக்கம் மிதிப்பவருக்கு இந்தப் பாரம் எதற்கு? காற்று வேறு, எடை வேறு என்று ஒரு கெட்டிக்காரர் திருத்த வருவார். தெரியும். ஆனாலும் மிதிப்பவனுக்கு எரிச்சல் ஒன்றுதான்.

அதைவிட முக்கியம் உப்பு. மலிவு ஃபோர்க்கின் கால்கள் குரோம் பூசிய இரும்பு. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில், வீட்டு வெளித் திண்ணையில் நிறுத்திய சைக்கிளில் அந்தப் பூச்சு புள்ளி புள்ளியாகப் போகும். புள்ளி விழுந்த கால் ஒவ்வொரு அமுக்கத்திலும் காலைச் சுற்றிய ரப்பர் சீலைச் சுரண்டும். பிறகு மணல் உள்ளே போகும், ஃபோர்க் இறுகும். அமுங்காத ஃபோர்க்காகத்தான் அதன் வாழ்க்கை முடியும், எடை மட்டும் குறையாது.

மே 20

"120 மி.மீ. போதுமா, 140 தேடவா?" தம்பி, ரொக்ஷொக்ஸ் கம்பனி 1989இல் விட்ட முதல் ஃபோர்க், ஆர்.எஸ்.-1, அமுங்கியது 48 மி.மீ. அளவுதான். அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் கொலராடோ மலையில் அதை வைத்துப் போட்டி ஓடினார்கள். வெல்லாவெளிக்கு 140 கேட்கிறீர்கள்.

ஜூன் 2

ஹெட் ரியூப் பற்றி ஒருவர் சரியான விசயம் சொன்னார், சேர்த்துவிடுகிறேன். மேலும் கீழும் ஒரே 44 மி.மீ. உள்விட்டம் உள்ள பிரேம்களும் உண்டு. அவற்றுக்குக் கீழ்க் கிண்ணம் வெளியே நிற்கும் ஹெட்செட் போட்டால் டேப்பர் ஸ்டீரர் போகும். 34 மி.மீ. குழாய்க்கு இந்த வழி இல்லை.

எதிர்ப்பக்கம் சுலபம். டேப்பர் பிரேமுக்குள் நேர் ஸ்டீரர் ஃபோர்க்கைப் போடலாம், கீழே அதற்கென்று ஒரு கிரவுண் றேஸ் வளையம் (கீழ்ப் பெயரிங் உட்காரும் வளையம்) மட்டும் வேண்டும். பெரிய ஓட்டைக்குள் சிறியது போகும், சிறிய ஓட்டைக்குள் பெரியது போகாது. பிரேமை முதலில் வாங்கு என்று நான் அடம்பிடிக்க இது ஒன்றே போதும்.

ஜூன் 9

இனி நீளம். ஃபோர்க்கின் அக்சிலில் இருந்து ஹெட் ரியூபின் கீழ்விளிம்பில் உட்காரும் இடம் வரையான உயரத்தை அளந்து பாருங்கள். 29 அங்குலத்துக்கான 100 மி.மீ. ஃபோர்க்கில் அது 500 மி.மீ. சுற்றில் வரும். 26 அங்குலப் பழைய அமுங்காத ஃபோர்க்கில் 400 சுற்றில். பிரேம் செய்தவர் ஏதோ ஒரு உயரத்தை மனதில் வைத்துத்தான் கோணங்களை வெட்டியிருக்கிறார். 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் கிட்டத்தட்ட ஒரு பாகை படுக்கும், குறைந்தால் ஒரு பாகை நிமிரும். இது கைக்கணக்கு, ஆனால் நம்பலாம்.

அப்படியானால் உங்கள் முதல் திட்டத்தில் என்ன நடந்திருக்கும்? ஸ்டீரர் போயிருந்தாலும்கூட, 400க்குச் செய்த பிரேமில், 29க்கானது என்றால் 530 சுற்றில் வரும் ஃபோர்க். ஆறு பாகைக்குமேல் படுத்திருக்கும். சைக்கிள் முன்னங்கால் தூக்கிய குதிரைபோல நின்றிருக்கும், சீற்றில் இருந்து பின்னால் வழுக்கியிருப்பீர்கள். நீளமான ஃபோர்க் ஹெட் ரியூபும் கீழ்க் குழாயும் சேரும் வெல்டிங்கில் நெம்புகோலாக வேலை செய்யும். முறிகிற பிரேம் அந்த இடத்தில்தான் முறியும்.

மறுபக்கம், 100 மி.மீ. சஸ்பென்ஷனுக்குச் செய்த பிரேமில் குட்டையான அமுங்காத ஃபோர்க்கைப் பூட்டினால் முன்பக்கம் விழும், கைப்பிடி வெட்டி வெட்டித் திரும்பும், பெடல் நிலம் தொடும். அமுங்காத ஃபோர்க்கிலேயே இதற்கென்று நீளமாகச் செய்த வகை இருக்கிறது, 29க்கு 470 முதல் 490 வரை. சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஆள் ஏறியதும் கொஞ்சம் அமுங்கிவிடும் அல்லவா, அதைக் கழித்த கணக்கு அது.

ஜூன் 10

மேலே உள்ளதை வாசித்துவிட்டு ஒருவர் "சைக்கிள் ஓடத்தானே கேட்டார், கணக்குச் சோதனையா?" என்று எழுதியிருக்கிறார். சரி. அளவுநாடா ஒன்று எடுத்துப் போங்கள். மற்றதை மறந்துவிடுங்கள்.

ஜூலை 7

உன்னிச்சைப் பக்கக் கிரவல் ரோட்டில் அமுங்காத ஃபோர்க்கோடு போய் வந்தேன். இதுவரை நான் எழுதியதை வாசிப்பவர்கள் என்னை ஃபோர்க்கின் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ரோட்டில் டிப்பர் ஓடி ஓடி விழுந்த அலை அலையான மேடுபள்ளம் இருக்கிறது. பெரிய குழியைச் சுற்றிப் போகலாம். இந்தச் சின்ன அலையைச் சுற்றிப் போகமுடியாது, முழு ரோட்டும் அதுதான். திரும்பி வந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் தேத்தண்ணி நடுங்கியது.

அந்த அலைக்கு நல்ல காற்று ஃபோர்க் உண்மையில் உதவும். சின்ன அடிக்கே அமுங்கி உடனே திரும்பி வரவேண்டும், அதுதான் வேலை. மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் அந்தச் சின்ன அடிக்கு அசையாது, உள்ளே உராய்வு அவ்வளவு. ஆகவே என் நிலை இப்போது இது: கடற்கரையும் வட்டையும் மட்டும் ஓடுபவருக்கு அமுங்காத ஃபோர்க்கும் தடித்த ரயரும். உன்னிச்சை, புல்லுமலை, கிரானுக்கு மேற்கே என்று போகிறவருக்கு 100 மி.மீ. காற்று ஃபோர்க். இரண்டுக்கும் நடுவில் உள்ள மலிவு வகைக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

கை வலிக்குதாம் என்று ஃபோர்க் தேடுகிறவர்கள் மட்டும் முதலில் சீற்றைப் பாருங்கள். முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கைக்குத்தான் வரும். அதற்கு ஒரு அலன் சாவி போதும்.

ஜூலை 8

காற்று ஃபோர்க் வாங்கினால் சொக் பம்ப்பும் (ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் சின்னக் கைப் பம்ப்) வாங்கவேண்டும். மோட்டர்சைக்கிள் கடைக் கொம்பிரசரை வைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் அறை மிகச் சின்னது, ஒரு நொடியில் அளவு தாண்டிவிடும்.

எவ்வளவு அடிப்பது? ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உங்கள் எடைக்கு உள்ளதை அடித்துத் தொடங்குங்கள். மேல்க் காலில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டி, சீலோடு ஒட்டக் கீழே தள்ளிவிட்டு, ஆடாமல் ஏறி ஓடும் நிலையில் நில்லுங்கள், மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் நாடா 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. குறைவென்றால் காற்றைக் கொஞ்சம் விடுங்கள், கூட என்றால் அடியுங்கள். ஏறும்போது யாராவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளவேண்டும். தங்கச்சியைக் கூப்பிட்டால் ஐஸ்கிறீம் செலவு தனி.

ஜூலை 21

பழைய பிரேமில் என்ன பார்ப்பது என்று கேட்டவருக்கு.

ஹெட் ரியூபுக்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கம். அங்கே பெயின்ற் மயிரிழையாக வெடித்திருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சும்மா கீறல் என்றால் வெடிப்பு பெயின்றோடு நிற்கும். உலோகத்திலும் கோடு தெரிந்தால் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும். அலுமினியம் இரும்புபோல வளைந்து எச்சரிக்காது. அடுத்தது சீற் போஸ்ற் இறுக்கும் வாயின் வெட்டு, அப்புறம் பி.பி.யை (பெடல் அச்சு சுழலும் பெயரிங் இருக்கும் இடம்) சுற்றிய வெல்டிங்.

சீற் போஸ்ற்றைக் கட்டாயம் வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். "வரும், வரும், கொஞ்சம் இறுக்கம்" என்றால் வராது என்று அர்த்தம். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து அலுமினியமும் இரும்பும் ஒட்டிப் போயிருக்கும். வாங்கிய பிறகு நீங்களும் கிரீஸ் பூசி, இடைக்கிடை கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

பி.பி. மரை போட்ட வகையாக இருந்தால் நல்லது. அழுத்திப் பூட்டும் வகையில் மணலும் தண்ணீரும் போனால் கிறீச் என்று ஒரு சத்தம் வரும், அதை நிற்பாட்ட ஊரில் சாவி கிடைக்காது. மரை வகையைத் திறக்கும்போது செயின் பக்கம் எதிர்மரை என்பதை கராஜ்காரருக்கு ஞாபகப்படுத்துங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

கியர் தொங்கும் ஹாங்கர் துண்டு கழற்றக்கூடியதா என்றும் பாருங்கள். அதற்கு நூற்றுக்கணக்கான வடிவம் இருக்கிறது, உங்களுடையது மட்டும் எந்தக் கடையிலும் இருக்காது. பிரேம் வாங்கும்போதே மேலதிகமாக ஒன்று தேடி வாங்கி வையுங்கள்.

அளவை சீற் குழாயின் நீளத்தை வைத்து முடிவு செய்யவேண்டாம். ரீச் என்ற அளவைப் பாருங்கள், பி.பி. நடுவில் இருந்து ஹெட் ரியூபின் மேல்வாய் வரை கிடையாக எவ்வளவு என்று. அந்த மொடல் உங்கள் உயரத்துக்கு என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். "வளருவாய்" என்று பெரிய சைக்கிள் வாங்கித் தருவது அப்பாமார் செய்யும் வேலை. முப்பது வயதில் நாமே அதைச் செய்யக்கூடாது.

ஜூலை 22

கரியல் (பின்னால் சாமான் வைக்கும் தட்டு) பூட்டும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்கவேண்டாம். கரியல் இல்லாததை எங்கள் அம்மா சைக்கிள் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஓகஸ்ட் 4

பின்னாலும் சொக் உள்ள பிரேம் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. மூவருக்கும் ஒரே பதில்: மூட்டுக்கு மூட்டு பெயரிங், பெயரிங்குக்குப் பெயரிங் மணல். மலிவு விலையில் வருவது பாரமும் ஆட்டமும் மட்டும். நல்லது வாங்கக் காசு இருப்பவர் என்னிடம் கேட்கமாட்டார்.

26 அங்குலம் செத்துப் போனதா என்று கேட்டவருக்கு, இங்கே சாகவில்லை. வெல்லாவெளியில் பஞ்சர் ஆனால் எந்தக் கடையிலும் 26 ரியூப் இருக்கும், 29க்கு கடைக்காரர் கையை விரிப்பார். அவசரத்துக்கு 26 ரியூபையே 29 ரயருக்குள் இழுத்துப் போட்டு வீடு வரலாம். மெல்லிதாகிவிடும், நிரந்தரமாக வைக்கவேண்டாம். ஆனால் நல்ல ஃபோர்க், நல்ல ரயர் எல்லாம் இப்போது பெரும்பாலும் 29க்குத்தான் வருகிறது. பழைய 26 அலுமினியம் பிரேம் ஒன்று கையில் வந்தால், உங்களிடம் இருக்கிற சாமானில் பெரும்பகுதியை அப்படியே மாற்றிப் பூட்டி மிச்சக் காசில் மகிழ்ச்சியாக இருக்கலாம். அதுவும் ஒரு வழி.

செப்டெம்பர் 15

புல்லுமலைப் பக்கம் போகிறவர்கள் பொழுதுபட முன்னர் திரும்பிவிடுங்கள். யானைக்கு முன்னால் 100 மி.மீ.யும் 120 மி.மீ.யும் ஒன்றுதான்.

நவம்பர் 24

மழை பிடித்துவிட்டது. கிரான் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர். ஃபோர்க் உள்ளவர்கள் கவனிக்க: வெள்ளத்துக்குள் முழங்கால் அளவு இறங்கினால் ஹப்பும் பி.பி.யும் முழுகும், ஃபோர்க்கின் கீழ்க்காலும் முழுகும். கீழே உள்ள போல்ற் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் போக இடமுண்டு. ரொக்ஷொக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வெள்ளம் குடித்த ஃபோர்க்குக்கு அந்த மணிக்கணக்கு இல்லை, உடனே திறக்கவேண்டும். கீழ்க்காலுக்குள் ஊற்றும் எண்ணெய் சில மில்லிலீற்றர்தான், சரியான அளவு அந்த மொடலின் கையேட்டில் இருக்கும். கராஜில் கொடுத்தால் மோட்டர்சைக்கிள் நினைப்பில் நிரப்பிவிடுவார்கள்.

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவது செயினோடு நிற்கட்டும். சீலில் பட்டால் சீல் ஊதிப் பருக்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், உள்ளே உள்ள பஞ்சு வளையத்தின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். இடைக்கிடை சைக்கிளை இரவில் தலைகீழாக வைத்தால் அந்தப் பஞ்சு திரும்ப நனையும்.

டிசம்பர் 8

களுவாஞ்சிக்குடித் தம்பி திரும்பி வந்திருக்கிறார். பிரேம்காரரிடம் சில்லுகளும் இருந்தனவாம், கோழிக்கூட்டுக்கு மேலே. விலையும் பேசி முடித்துவிட்டார். ஹெட் ரியூப் மேலே 44, கீழே 56, ஆகவே டேப்பர். இப்போது அந்த 120 ஃபோர்க்கையும் எப்படியாவது வாங்கவா என்று கேட்கிறார்.

ஸ்டீரர் வெட்டிய நீளத்தைக் கேளுங்கள் என்றேன். 160 மி.மீ. என்று பதில் வந்திருக்கிறது. பிரேமின் ஹெட் ரியூப் 115. ஸ்டெம் (கைப்பிடியைத் தாங்கும் துண்டு) பிடிக்க 40 வேண்டும். 155 ஆயிற்று. ஹெட்செட்டுக்கு மிஞ்சுவது 5 மி.மீ. போதாது. பாவித்த ஃபோர்க் வாங்கும்போது எல்லாரும் கால்களின் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள், மேலே வெட்டியிருப்பதைப் பார்ப்பதில்லை. ஸ்டீரரை நீட்ட வழியில்லை. அந்த பிரேம் 100க்குச் செய்தது என்றும் சொல்கிறார், ஆகவே 120ஐ விட்டதில் பெரிய நட்டமில்லை.

இப்போதைக்கு 480 சுற்றில் உள்ள அமுங்காத ஃபோர்க், நேர் ஸ்டீரர், கீழே மாற்று வளையம். ரயர் 2.25. ஃபோர்க்குக்கு வைத்த காசில் பாதி மிஞ்சும். அடுத்த கச்சானுக்குள் 100 மி.மீ. காற்று ஃபோர்க் ஒன்று ஸ்டீரர் வெட்டாமல் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.

டிசம்பர் 9

ஸ்ராண்ட் பூட்டலாமா என்று கேட்கிறார். பின் குழாய்கள் இரண்டையும் தகடு வைத்து நெரித்துப் பிடிக்கும் பழைய வகை வேண்டாம், அலுமினியம் நசுங்கும். பின் அக்சில் பக்கம் அதற்கென்று துளை இருந்தால் அதில் பூட்டுங்கள். இல்லையென்றால் மதிலில் சாத்துங்கள்.